பிரித்து வைத்த மருந்து புரி மாறியது

திரையில் ஓடும் கோட்டில் ஒரு பீக், ஒரே ஒரு முகடு, வர வேண்டிய இடத்தில் இரண்டு நின்றன.

உப்பளத்தைத் தாண்டி இருந்த ஆய்வகத்துக்கு நான் கேஸ் சிலிண்டர் உருட்ட வந்தவன். கேட்டுக் கேட்டே, கலந்து கிடக்கும் மருந்தைப் பிரிக்கிற எஸ்.எஃப்.சி. மெஷினைக் கற்றேன். புது மருந்து தேடும்போது, சில மூலக்கூறுகள் வலம்புரி, இடம்புரிச் சங்குபோல ஜோடியாகப் பிறக்கும். எடை ஒன்றே, சுழி மட்டும் எதிர். கார்பன் டை ஆக்சைடை அழுத்திச் சூடாக்கி, வாயுவுமில்லாமல் திரவமுமில்லாமல் ஆக்கி, கொஞ்சம் மெத்தனாலோடு எஃகுக் குழாய்க்குள் ஓட்டினால் இரண்டும் பிரிந்து, திரையில் ஆளுக்கொரு பீக்காக வரும். குழாயின் வாசலில் இருக்கும் மாஸ் ஸ்பெக் கருவி, வருவது நம் சரக்குதானா என்று எடை பார்த்துச் சொல்லும்.

இந்த ஜோடியில் ஒன்று வலியைத் தணித்தது. மற்றது இதயத்துடிப்பைக் கெடுத்தது. நல்லதை மட்டும் பிரித்து உலர்த்தி, ஊசிக்காக உப்புக்கரைசலில் கலந்து வைத்திருந்தேன். எலிகளுக்குக் கொடுக்க அனுப்பும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், இப்படி.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏலே, ட்யூப மாத்தி வச்சிட்டியா?"

"மாத்தியிருந்தா கெட்டது மட்டும்லா சார் வரணும்? ரெண்டும் சரிபாதியா நிக்கே!"

மருந்தைச் செய்த ரெஜினா, சங்கு குளிக்கிறவர் மகள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த மருந்துதான் அவருக்கு உலகம். "அண்ணாச்சி, எங்கப்பா எடுத்த சங்குல ஒண்ணாவது பைக்குள்ள கிடந்து புரி மாறியிருக்கா? மொதல்ல மெஷினைக் கழுவுங்க" என்றார்.

கழுவினேன். வெறும் மெத்தனாலை ஓட்டினேன், சுத்தம். புதிதாகப் பிரித்ததை உடனே ஓட்டினேன், ஒரே பீக். அதையே, உடம்புக்குள் இருப்பதுபோல, உடம்புச் சூட்டில் உப்புக்கரைசலில் வைத்து, விட்டு விட்டு எடுத்து ஓட்டினேன். இரண்டாவது பீக் சின்ன மேடாக எழும்பியது. பிறகு வளர்ந்தது. வளர்ந்துகொண்டே போனது. எடை மட்டும் அதேதான். யாரும் எதையும் சேர்க்கவில்லை. எங்கள் கண்ணெதிரே அது தானாகப் புரண்டுகொண்டிருந்தது.

ரெஜினா என் பக்கம் திரும்பினார். "அப்போ நல்லதை மட்டும் கொடுத்தாலும், உள்ள போயி கெட்டதா மாறிரும்?"

"பாதி மாறிரும்மா."

"எலிக்குத் தெரியவா போகுது? அனுப்பிப் பாப்போமே" என்றார் மேனேஜர்.

"எலிக்குத் தெரியாட்டா நாளைக்கு மனுசனுக்குத் தெரியும் சார்." ரெஜினாவே போனை எடுத்து, எலிச் சோதனையை நிறுத்தச் சொன்னார். குரல் உடைந்தது, சொல் உடையவில்லை. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூலக்கூறுல புரளுத இடத்தைப் புரள முடியாம பூட்டி வேற ஒண்ணு செய்யுதேன். பிரிச்சுத் தாரீங்களா அண்ணாச்சி?"

"வலையில பட்டதெல்லாம் கரை சேந்த மீனில்ல" என்று தருவைகுளத்து மீனவர்கள் சொல்வார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, பிரித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். உடம்புச் சூட்டில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். இன்றைக்கும் அந்த இரண்டாவது பீக் வரக்கூடிய இடத்தைக் கோடு தட்டையாகத் தாண்டும்வரை எனக்கு மூச்சு வராது.