பொருந்தவில்லை என்று சொன்னேன்

என் சிறுநீரகம் என் தம்பிக்குப் பொருந்தியது. பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தம்பி அருளுக்குப் பிறவியிலேயே அரிவாள் செல் ரத்தசோகை. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும் நோய். எங்கள் மலையூர் ஓவேலியில் மழை பிடித்துவிட்டால் எலும்பு வலியில் சுருண்டு கிடப்பான். அந்த வலிதான் நோய் என்று நினைத்திருந்தோம்... வலியே காட்டாமல் அது அவன் சிறுநீரகங்களைத் தின்றுகொண்டிருந்தது யாருக்குத் தெரிந்தது! கால் வீங்கி, தேயிலை பேக்டரியில் மயங்கி விழுந்த அன்றுதான் தெரிந்தது. அதற்குள் இரண்டும் செயலிழந்திருந்தன.

"நான் தர்றேன்" என்று முதலில் சொன்னவள் நானே. அவன் மனைவி ரோசி என் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

கோவையில் பரிசோதனைகள் முடிந்தன.

"நல்லாப் பொருந்துதுங்க. உங்க ரத்தத்துல அந்தக் குறையும் இல்லை" என்றார் டாக்டரம்மா.

ஒரே வயிற்றில் பிறந்தும் எனக்கு வராத நோய்! மகிழ்ந்திருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"பயமா இருந்தா வேண்டாங்க. யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உங்களால தர முடியாதுன்னு மட்டும் வீட்ல சொல்லிடறோம். காரணம் சொல்ல மாட்டோம்."

"முடியாதுங்க" என்றேன்.

வெளியே காத்திருந்த ரோசியிடம், பொருந்தவில்லை என்று காரணத்தை நானே சேர்த்துச் சொன்னேன்.

கணவர் தடுத்தாரா? இல்லை. பிள்ளைகள் சிறியவர்களா? அதுவும் இல்லை. கத்திக்குப் பயந்தேன். பயம் மட்டும்தானா...? என் உடம்பு முழுதாக எனக்கே வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு என்ன பெயர்?

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என்னைப் பாராட்டுகிறார்கள்! "தர்றேன்னு முன்னால வந்தீங்களே, அந்த மனசு யாருக்குங்க வரும்?" அருள்தான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறான்.

இப்போதாவது தரலாமே என்று கேட்பீர்கள். தரலாம்... டாக்டரம்மாவிடம் நான் இன்னும் போகவில்லை.

போன வாரம் டயாலிசிஸுக்கு அவனுடன் கூடலூர் போனேன். குழாயில் அவன் ரத்தம் ஓடுவதைப் பார்க்க முடியாமல் அழுதுவிட்டேன்.

"எதுக்குக்கா அழுவற? உன்னோடது சேராமப் போனது உன் தப்பா?"

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லடா" என்றேன்.