நாற்பதாம் பக்கத்தில் நின்றவர்

டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் அந்த அதிகாரிக்கு ஊரார் வைத்திருந்த பெயர் 'மூணு தப்பு'. லைசென்ஸ் கேட்டு வருகிறவர் பெரிய தப்பாக மூன்று செய்துவிட்டால் டெஸ்ட்டை அந்த இடத்திலேயே முடித்துவிடலாம் என்பது விதி. மற்ற அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள். இவரிடம் அந்தப் பருப்பெல்லாம் வேகாது. மூன்றாவது தப்பு விழுந்ததும், "வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்பார். 'தேர்ச்சி இல்லை' என்று தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போய்விடுவார். சொந்த மச்சானையே இரண்டு தடவை இப்படி நடுவழியில் விட்டுவிட்டு வந்தவர்.

இப்படிப்பட்ட மனிதர் காதல் நாவல் படிக்கப் போனார் என்றால் அதற்குக் காரணம் அவர் மனைவி. அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நேரே நூலகத்துக்குப் போவாள். அங்கே ஆண்டுதோறும் ஒரு போட்டி உண்டு. ஐந்து பேர் கொண்ட குழு, மாதம் ஒரு சரித்திரக் காதல் நாவலாக வருஷத்தில் பன்னிரண்டு படிக்க வேண்டும். ஐவரும் பன்னிரண்டையும் முடித்தால் நுழைவாசலில் மாட்டியிருக்கும் பலகையில் குழுவின் பெயரை எழுதுவார்கள். ஒருவர் ஒரு புத்தகத்தில் கோட்டை விட்டாலும் மொத்தக் குழுவும் வெளியே.

அவளுடைய குழு மூன்று வருஷமாகக் கரையேறவில்லை. முதல் வருஷம் ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள். இரண்டாம் வருஷம் ஒருத்திக்குக் கண் ஆபரேஷன். மூன்றாம் வருஷம் பதினோரு நாவல் முடித்த பிறகு ஒருத்தி, "இந்த ராஜாக்களைக் கண்டாலே எரிச்சலா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். அன்று மனைவி பலகையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். வாழ்நாளில் ஒரு பரிசுகூட வாங்காதவள் அவள். அந்தப் பலகை மீது அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது கணவருக்குத் தெரியும்.

நான்காம் வருஷம் ஜனவரியிலேயே ஓர் ஆள் குறைந்தது.

"என்னங்க, நீங்க வந்துடுங்க" என்றாள்.

"நானா? காதல் கதையா?"

"சரித்திரமும் இருக்கு. குதிரை, ரதம் எல்லாம் வரும். வண்டி சமாச்சாரம்தானே."

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் விழுந்துவிட்டார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை நூலகத்தின் பின்னறையில் கூடுவார்கள். மனைவி, பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர், பேக்கரிக்காரம்மா, பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ், இவர். முதல் கூட்டத்தில் நர்ஸ் மரியாதைக்காக, "சார், நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டு வைத்தாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. இளவரசன் சேணத்தின் வாரை இழுத்துப் பார்க்காமலே குதிரை ஏறினான். கோட்டை வாசலில், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் ரதத்தைத் திருப்பினான். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தைக்கூட்டத்துக்கு நடுவே பாதையைப் பார்க்க வேண்டியவன் மாடத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தான். "கவனம் பூரா மேல. கீழ எத்தனை உசிரு!" என்று மேஜையைத் தட்டினார். பேக்கரிக்காரம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

அன்றிலிருந்து கூட்டத்துக்கு அவர்தான் உப்பு. மாதாமாதம் ஒரு கதாநாயகனைப் பிடித்துத் துவைத்துக் காயப்போட்டார். முடிவைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ஆளுக்கு அடக்கம் அதிகம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மனைவிக்கோ பெருமை பிடிபடவில்லை. மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம், கேட்காதவர்களிடமும்கூட, "எங்க வீட்டுக்காரரும் எங்களோட படிக்கிறார்" என்று சொன்னாள்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி குண்டு வெடித்தது.

நூலக அட்டையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே 'முழுவதும் படித்தேன்' என்று எழுதி அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். வருஷக் கணக்கை முடிப்பதற்காக அட்டையை வீட்டுக்கு எடுத்து வந்த மனைவி, கணவரின் வரிசையில் பதினோரு இடத்திலும் வேறு ஒன்று எழுதியிருப்பதைக் கண்டாள். 'பரிசீலனை முடிந்தது.'

"இது என்னங்க?"

"முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"புஸ்தகமா?"

"பரிசீலனை." ஒவ்வொரு புத்தகத்துக்கும் தான் எழுதி வைத்திருந்த டெஸ்ட் தாள்களை எடுத்துக் காட்டினார். எல்லாம் முத்து முத்தான கையெழுத்து. "மூணு தப்பு ஆனதும் நிறுத்திட வேண்டியதுதானே? எந்தப் பயலும் நாப்பதாம் பக்கத்தைத் தாண்டல."

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே வேலையைப் பார்த்த மனிதருக்கு, பாதியில் நிறுத்திய டெஸ்ட்டும் முழு டெஸ்ட்தான். மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஃபெயிலான பிறகு வண்டியை விட்டு இறங்கத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பவர்களை அவர் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார். அவள் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான் இருந்தது.

"கல்யாணமான முதல் வாரத்துலயே நீங்க மூணு தப்பு பண்ணீங்க" என்றாள் மனைவி. "நாலு நிமிஷம் லேட்டுன்னு என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தீங்க. எங்கம்மா முன்னாடி எனக்குப் போர்வை மடிக்கத் தெரியலைன்னீங்க. மூணாவதை என் வாயால சொல்ல மாட்டேன். நான் நிறுத்தினேனா?"

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்றாவது எது என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

குழுவில் அவசரக் கூட்டம் போட்டார்கள். "பேசாம எல்லாத்துலயும் 'முழுவதும் படித்தேன்'னு எழுதிடுங்க சார், யார் வந்து பாக்கப் போறா?" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"அவர் எழுத மாட்டார்" என்றாள் மனைவி. கோபத்திலும் அதை அழுத்தமாகத்தான் சொன்னாள்.

"மறுதேர்வு உண்டு" என்றார் அவர். "எல்லாருக்கும் குடுக்கறேன். எனக்கும் குடுங்க."

கணக்கு டீச்சர் உடனே ஒரு தாளில் வகுத்துப் பார்த்தாள். மீதி நாள் பத்தொன்பது. பதினோரு நாவலில் நாற்பதாம் பக்கத்துக்கு மேல் உள்ளதும், பன்னிரண்டாவது முழுசும். நாளுக்கு நூற்றெழுபது பக்கம். "சாப்பாட்டு நேரத்தைக் கழிக்கலை" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் லீவு போட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் இளகிய மனசுக்காரர். செய்தி பரவி, லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் கூட்டம் சாலைவரை நின்றது. மச்சான் முதல் ஆளாகப் போய் பாஸ் பண்ணிவிட்டு வந்தான்.

வீட்டிலோ மனிதர் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பிறகு அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் ஃபெயிலாக்கிய பயல்கள் ஒவ்வொருவனும், செய்த தப்பைச் சரிக்கட்டத்தான் மிச்சக் கதை முழுக்க அலைந்தான். ரதத்தைத் தாறுமாறாகத் திருப்பிய இளவரசன், அதில் கால் ஒடிந்த பூக்காரரின் வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் வந்து நின்றான். நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. "சொல்லித் தொலையேன்டா!" என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் கேட்டது. அடுப்படியில் இருந்த மனைவி திடுக்கிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு நாளாக அவள் சிரித்திருக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி நூலகத்தை ஆறு மணிக்கு மூடுவார்கள். நான்கு மணிக்குப் பன்னிரண்டாவது நாவலில் அறுபது பக்கம் பாக்கி. நூலகர் அட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நான்கு பெண்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. பக்கத்தைத் திருப்பும்போது அவர் விரல்கள் வேர்த்து வழுக்கின. பக்கத்து சீட்டில் ஒருவன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தன்னிடம் டெஸ்ட்டுக்கு வந்த அத்தனை பேரையும் நினைத்து அவருக்குப் பாவமாக இருந்தது.

ஐந்தேமுக்காலுக்குப் புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

வருஷத்தின் கடைசிப் புத்தகத்துக்கு மட்டும், அதன் முடிவிலிருந்து குழுத்தலைவி ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். தலைவியான மனைவி சற்று யோசித்துக் கேட்டாள். "தளபதி அவளை அத்தனை பாடு படுத்தியிருக்கான். அவ ஏன் கடைசிவரைக்கும் அவனை விட்டுப் போகலை?"

அவர் கடைசிப் பக்கத்தை மறுபடி விரித்துப் பார்த்தார். நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முழுசும் படிச்சேன்" என்றார் அவர். "காரணம் எங்கயும் போடலை. எனக்கும் புரியலை." பிறகு குரல் தணிந்தது. "ஏன் போகலை நீ?"

பேக்கரிக்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்து என்ன ஆகுதுன்னு பாக்கலாம்னுதான்" என்றாள் மனைவி. பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள். "எழுதுங்க. பன்னிரண்டு இடத்துலயும். மூடற நேரமாச்சு."