மயிலாத்தா கம்பெனிச் சட்டி

ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் அரசாணிக்காய் (மற்ற ஊர்க்காரர்களுக்குப் பரங்கிக்காய்) வேகவைத்த முதல் ஆள், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலேயே நான்தான். வெல்லப்பாகும் மழை நனைத்த மண்ணும் கலந்ததுபோல் மூடிக்கடியிலிருந்து வருகிற அந்த மணத்தை நம் பக்கத்து மூக்குகளுக்கு அறிமுகப்படுத்தியவனும் நானே. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நம்பிவிட்டார். நம்பியதும் எனக்கே பாவமாகிவிட்டது. அத்தனையும் பொய். வேகவைத்தது என் அம்மா. நான் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். அதுவும் சளி பிடித்திருந்ததால்.

எழுபதுகளில் எவர்சில்வரே எங்களுக்குப் புதிது. அம்மாவின் தம்பி, என் மாமா, கப்பலில் சமையல்காரர். ஒருமுறை லீவில் வந்தபோது அக்காவுக்கென்று எவர்சில்வரில் ஒரு சட்டி கொண்டுவந்தார். தூக்கினால் கை இறங்கும் அளவுக்கு அடி கனம். வாயைச் சுற்றி விரல் அகலத்துக்குப் பட்டையான ஓரம். மூடி அந்த ஓரத்தின்மேல் கச்சிதமாக உட்காரும். காயைக் கழுவி, அந்த ஈரத்தோடு உள்ளே போட்டு, மூடி, சிறு தணலில் வைத்தால் போதும், காய்க்குள் இருக்கிற தண்ணீரே ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் திரும்பக் காயின்மேலேயே விழுந்து அதை வேகவைத்துவிடும் என்றார். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வித்தையும் காட்டினார். சூடேறியதும் மூடியின் குமிழைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். ஓரத்தில் கசிந்திருந்த ஈரத்தின்மேல் மூடி பம்பரம்போலச் சத்தமில்லாமல் சுற்றியது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஏதாவது சுற்றியிருந்தால் நான் மூன்றாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன்.

அந்தச் சட்டியைப் பராமரிக்க மாமா சொன்ன சட்டங்கள் கைக்குழந்தைக்கும் கிடையாது. வெறும் சட்டியைக் காயவைத்தால் வானவில் மாதிரி கறை படியும். படிந்தால் புளித்தண்ணீரில்தான் கழுவ வேண்டும். வெறும் சட்டியில் உப்பைப் போட்டால் வெள்ளைப் புள்ளி விழும், அப்புறம் போகவே போகாது. அடி பிடித்தால் சுரண்டக் கூடாது, கழுநீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும். சாம்பலும் செங்கல்பொடியும் கிட்டவே வரக் கூடாது. "வேகறப்ப மூடியத் தெறந்து கிறந்து பாத்துறாதேக்கா, அப்புறம் வேகலைன்னு என்னையெக் கேக்காதே" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். என்னையே வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் தேய்க்கிற வீட்டில், ஒரு சட்டிக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியப்பாவின் மனைவி, என் பெரியம்மா, சமையல்கட்டுக்கு ராணி. எங்கள் பக்கம் பாத்திரத்துக்கு "போசி" என்று பெயர். வீட்டிலிருந்த போசி எல்லாவற்றிலும் தாத்தாவின் பெயரெழுத்துகள்தான் வெட்டியிருக்கும். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீர்ப் போசிகளிலும் வந்த வாரமே தாத்தாவின் எழுத்து ஏறிவிட்டது. எது யார் கொண்டுவந்தது என்று பிறகு கடவுளுக்கும் தெரியாது. கப்பல் சட்டியைப் பார்த்ததும் பெரியம்மா அதைத் தூக்கிப் பொதுப் பரணில் வைக்கப் போனாள்.

"அக்கா, அது என்ற தம்பி எனக்குன்னு கொண்டாந்ததுங்க்கா" என்றாள் அம்மா. அதுவரை அவள் அப்படிக் குரலெடுத்து நான் கேட்டதில்லை.

பெரியம்மா திரும்பினாள். "இந்த ஊட்டுல சமையல்கட்டுக்குள்ள வந்த போசி எல்லாத்துக்கும் பொது. அதென்ன உன்றது என்றதுன்னு?"

"இது ஒண்ணு மட்டுமுங்க்கா."

"தண்ணி ஊத்தாமயே வேகுமாமா! கப்பக்காரன் சொன்னா நீயும் நம்பிக்குவே. செரி, ஞாயித்துக்கெழமை ஒரம்பரை வர்றாங்க. அத்தனை பேரு முன்னாலயும் ஆக்கிக் காட்டு. வெந்துதுன்னா உன்றது. வேகலைன்னா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறப்போட நா எடுத்துக்குவேன்."

ஒரம்பரை என்றால் விருந்தாளிச் சொந்தங்கள். எங்கள் ஒரம்பரைக்குச் சாப்பிடத் தெரிந்ததைவிடப் பேசத் தெரியும். அவர்கள் முன்னால் தோற்றால் பொள்ளாச்சிவரை பஸ்ஸேறிப் போய்விடும் செய்தி.

அம்மாவுக்குப் பெரியம்மாவின் வாக்கில் முழு நம்பிக்கை இல்லை. வெந்தாலும் பரணுக்குப் போய்விடும் என்று பயம். பெரியம்மா பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன ஒரு காலையில், "போசிக்குப் பேரு வெட்டறதேய்" என்று தெருவில் குரல் கேட்டது. அம்மா ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து பின்வாசலில் உட்காரவைத்தாள். சின்ன உளியும் சுத்தியுமாக, பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்தியே எழுத்து வரவழைப்பவர் அவர்.

"வயித்துல வெட்டட்டுங்களா, அடியிலங்களா?" என்று கேட்டார்.

"வயித்துல வெட்டுனா இன்னிக்கே பாத்துருவாங்க. அடியில வெட்டுனா கரியேறிப் போயிருமுங்க" என்ற அம்மா, சட்டி வாயின் பட்டையோரத்தில் விரலை வைத்தாள். "இங்க வெட்டுங்க. மூடுனா பேரு மறைஞ்சுக்கோணும், தெறந்தா தெரியோணும்."

"ஆத்தாடி, வக்கீலாட்டப் பேசறீங்களே!" என்று அவர் வியந்தார். நானும் வியந்தேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்த முட்டாள்தனத்தைப் பாராட்ட அங்கே எங்களைத் தவிர வேறு ஆளில்லை. டிக் டிக் டிக்கென்று "மயிலாத்தா" என்ற என் அம்மாவின் பெயர் அந்த ஓரத்தில் ஏறியது. அம்மா அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டு, பழைய சேலையில் சுற்றி, நெல்லுக் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது, ஒரம்பரையும் வந்தது. முற்றத்தில் கொட்டாங்குச்சித் தணல் போட்டு, அரசாணிக்காயை ஈரத்தோடு சட்டியில் நிரப்பி, அம்மா மூடினாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். பெரியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் அம்மா குமிழைப் பிடித்துச் சுண்டினாள்.

மூடி சுற்றவில்லை. "கரக்" என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது.

உளி பட்ட இடத்தில் ஓரம் கரடுமுரடாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரே இடத்திலிருந்து, என் அம்மாவின் பெயர் நீளத்துக்குச் சரியாக, ஆவி புஸ்ஸென்று வெளியே போயிற்று. பொன்னி என்று சின்னப் பெயராக இருந்திருந்தாலாவது கொஞ்சம் ஆவி மிஞ்சியிருக்கும். நான் ஒரு சொம்புத் தண்ணீரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். பாதித் தண்ணீர் என் டவுசருக்குள் போய்க்கொண்டிருந்தது. அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். ஜெயித்தால் தண்ணீர் இல்லாமல்தான் ஜெயிக்க வேண்டும் என்பது அந்தத் தலையசைப்பிலேயே இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, அது கணக்கில் வராது.

"அவ்வளவுதேன், பருத்திக்கொட்டைச் சட்டி" என்றார் ஒரு சித்தப்பா. ஒரம்பரை சிரித்தது. இனிப்பு மணத்துக்குள் மெல்ல ஒரு தீய்ந்த வாடை நுழைந்தது.

சிரிக்காதது பெரியம்மா மட்டும்தான். அவள் மூக்கு விடைத்தது. யார் ஜெயித்தாலும் தோற்றாலும், தன் முற்றத்தில் ஒரு காய் தீய்வதை அந்த மூக்கு பொறுக்காது.

"அட கெரகமே! ஊடு நெறைய ஒரம்பரைய வெச்சுக்கிட்டுக் காயைத் தீய உட்டுட்டு நிக்கறாளே!" என்று உள்ளே ஓடியவள், ராகி மாவை ஒரு கை பிசைந்து கொண்டுவந்தாள். ஆவி போகிற இடத்தில் சப்பென்று அப்பினாள். குனிந்து, தணலில் பாதியை வெளியே இழுத்துப் போட்டாள். "மூடியத் தொட்டே, கைய ஒடிச்சுப் போடுவேன்" என்றாள். அது அம்மாவுக்குச் சொன்னது; என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஆவி நின்றது. காத்திருந்தோம்.

கடைசியில் பெரியம்மாவே மாவை உரித்துவிட்டு மூடியைத் திறந்தாள். அடியில் ரெண்டு துண்டு கருகியிருந்தது. மற்றதெல்லாம் கரண்டி பட்டதும் குழைந்தது. ஒரம்பரை இலையைத் தேடியது. ஆனால் பெரியம்மா காயைப் பார்க்கவில்லை, சட்டியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சேலைத் தலைப்பைக் கடித்தாள்.

"இதென்னடா புள்ளி?" என்று பெரியம்மா என்னைக் கேட்டாள்.

அப்போது எழுத்துக் கூட்டத் தெரியாதவன், ஆனால் பொய் கூட்டத் தெரிந்தவன் நான். "கப்பக் கம்பெனி பேருங்க பெரியம்மா. இங்கிலீசு" என்றேன்.

பெரியம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. ஓரத்தின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். "ஓஹோ. கம்பெனிக்காரிச்சி பேரும் மயிலாத்தாதானாக்கும்?" என்று எனக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொல்லிவிட்டு, உரித்த ராகி மாவை என் வாயில் திணித்தாள். சுட்ட மாவில் அரசாணிச் சாறு ஊறி, என் அம்மாவின் பெயர் நல்ல ருசியாக இருந்தது.

பிறகு ஒரம்பரை பக்கம் திரும்பினாள். "தண்ணி ஊத்துனாளா? நானுந்தான் பாத்துட்டு நின்னேன். ஊத்தலை. வெந்துருச்சு. அவுளுது அவுளே வெச்சுக்கட்டும்."

அன்றிலிருந்து அது "மயிலாத்தா கம்பெனி" ஆயிற்று. ஆக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் ராகி மாவு ஒட்டுவதும், உரித்த மாவுக்குப் பிள்ளைகள் நாங்கள் அடித்துக்கொள்வதும் வழக்கமாயிற்று.

இப்போது அந்த முற்றம் இல்லை, அதன்மேல் டயர் கடை நிற்கிறது. கொட்டாங்குச்சித் தணலுக்குப் பதில் காஸ் அடுப்பு. பெயர் வெட்டுகிறவர் தெருவில் வருவதில்லை. கடையிலேயே கரண்டுப் பேனாவால் கிர்ரென்று கிறுக்கித் தருகிறார்கள், ஒரு கீறலும் விரலுக்குத் தட்டுப்படாது. அம்மாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை.

ஆனால் வீடு பாகம் பிரிந்த நாளைச் சொல்லாமல் விட்டால் இது முடியாது. தாத்தாவின் எழுத்துள்ள போசிகளையெல்லாம் முற்றத்தில் குவித்து, அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு போட்டார்கள். பெரியம்மா தான் சீராகக் கொண்டுவந்தவற்றைத் தேடித் தேடிப் பார்த்தாள். எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. அப்போது தெருவில் "பேரு வெட்டறதேய்" என்று குரல் கேட்டது. பெரியம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அம்மாவின் சட்டியைக் கொண்டுவரச் சொல்லி, மூடியைத் திறந்து, அம்மாவின் பெயருக்கு நேர் எதிர்ப்பக்கத்து ஓரத்தைத் தடவினாள்.

"மயிலாத்தா, இங்க எடஞ் சும்மாத்தான இருக்குது. சட்டி உன்றதுதான், எனக்கு வேண்டாம். ஒரு போசிலயாவது என்ற பேரும் இருக்கட்டுமே."

இன்னொரு பெயர் வெட்டினால் இன்னொரு ஓட்டை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா சட்டியைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்மா என்ன சொன்னாள் என்றால்...

"ஏனுங்! எத்தனை நேரந்தேன் பேப்பரும் பேனாவுமா உக்காந்திருப்பீங்க?" சமையலறையிலிருந்து என் மனைவி கூப்பிடுகிறாள். "கம்பெனிச் சட்டியில ரெண்டு பக்கமும் ஆவி போகுது. வெரசா ராகி மாவெப் பெசஞ்சுட்டு வாங்க!"