கோலை விட்டு ஓடும் கோலி

ஃபுட்பால் டீமுக்கு ஆள் பிடித்துத் தரும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? நல்ல ஆட்டக்காரன் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பான். கோச்சின் ஆட்டத்துக்குப் பொருந்துகிறவன்தான் கிடைக்க மாட்டான். எங்கள் ஏரியா நீலசந்திராவில் டீமின் கோச் அந்தோணி மாஸ்டர். எனக்குப் பதினேழு வயது, பந்து காலில் ஒட்டாது, வாய் மட்டும் எல்லார் குரலிலும் பேசும். இந்த வாய்க்கு இதுதான் வேலை என்று ஆள் தேடுவதை என் தலையில் கட்டிவிட்டார்.

இடுப்பில் கை

பக்கத்து ஏரியா ஈஜிபுராவில் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டவனை, தசரா யானையை அழைத்து வருவதுபோல் கூட்டி வந்தேன். மாஸ்டர் அவனுடைய கோல்களைப் பார்க்கவே இல்லை. பந்து பறிபோனால் முன்னால் நிற்பவன்தான் முதலில் துரத்த வேண்டும், அதுதான் அவர் ஆட்டம். நம்ம ஆளோ பந்து போனதும் இடுப்பில் கை வைத்து நின்று முடியைச் சரிசெய்தான்.

"கோல் போடுறான், சரி. பந்து போனா போட்டோவுக்கு நிக்கிறான். பத்துப் பேரை வெச்சு ஆட எனக்குத் தெரியாதுப்பா."

விரட்டப்பட்டவன்

அடுத்து, எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை லீக்கின் கடைசி ஆட்டம், தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். எனக்குக் கிடைத்தது பைக் மெக்கானிக் இம்ரான் மட்டும். பந்து வருவதற்குள் கோலை விட்டு முன்னால் ஓடிவிடுகிறான் என்று பழைய டீம் அவனை விரட்டியிருந்தது.

பயந்துகொண்டே இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் டிஃபென்ஸ் எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம் ஏறி நிற்கும். பின்னால் பாதி மைதானம் காலி. மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தக் காலி இடத்தைக் காக்கத்தான் ஆள் தேடுறேன். இவன் எங்கேயும் ஓடலப்பா, வேலைக்குச் சீக்கிரம் வர்றான்."

யார் கத்தியது?

மாஸ்டர் "ஏறு" என்றால் டிஃபென்ஸ் நாலு பேரும் முன்னால் ஏற வேண்டும். சைலன்ஸர் கழன்ற ஆட்டோ மாதிரி குரல். பிராக்டிஸில் அவர் டீ வாங்கத் திரும்பிய நேரம் பார்த்து, அதே குரலில் நான் "ஏறு" என்றேன். நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் ஆடிய ஃபார்வர்டு ஒருவன் பந்தோடு தனியாகப் பாய்ந்தான். அதற்குள் இம்ரான் வந்து பந்தை வெளியே உதைத்துவிட்டான்.

காதைத் திருகப் போகிறார் என்று பொத்திக்கொண்டேன். மாஸ்டர் நிதானமாக டீயை உறிஞ்சினார்.

"நாலு பேரும் என் வாயைக் கேக்குறாங்க, இவன் ஒருத்தன்தான் பந்தைப் பாக்குறான். இன்னொரு வாட்டி கத்து."

ஞாயிறு

எதிரணி, இம்ரானை விரட்டிய அதே டீம். ஒரு கோல் முன்னணியில் இருந்தோம், முடிய இன்னும் கொஞ்ச நேரம். அவர்கள் நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட, இம்ரான் கோலைக் காலியாக விட்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினான். வேறு எந்தக் குரலும் வராமல், என் சொந்தக் குரலில் "உள்ளே போடா" என்று அலறினேன். மாஸ்டர் என் வாயைப் பொத்தினார். ஃபார்வர்டின் கால் படுவதற்கு முன் இம்ரான் தலையால் முட்டி வெளியே தள்ளினான். ஆட்டம் முடிந்த விசில்.

எதிரணி கோச் வந்து மாஸ்டரின் கையைப் பிடித்தார்.

"ரெண்டு சீசன் அவனைக் கோல்லயே கட்டிப் போடப் பாத்தேன் சார். நீங்க அவன் ஓடுற எடத்துலயே வேலை குடுத்துட்டீங்க."

இப்போதெல்லாம் ஆள் தேடிப் போனால் என் முதல் கேள்வி, போன டீமில் உன்னை எதற்கு விரட்டினார்கள் என்பதுதான்.