மைதா படாத கேக்

என் மனைவிக்குக் கோதுமை ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். கோதுமையிலிருந்துதான் மைதா வருகிறது. அதனால் புரோட்டா, பிஸ்கட், கேக் எதுவும் அவளுக்குக் கிடையாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி பிளம் கேக் கொடுத்தனுப்புவார். இவள் தட்டை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பாள். "வாசனை எனக்கு, மிச்சம் உங்களுக்கு" என்று எங்கள் பக்கம் தள்ளிவிடுவாள். நானும் மகளும் வெட்கமில்லாமல் தின்போம்.

தனக்கென்று சில பாத்திரங்கள் வைத்திருந்தாள். எங்களுடையதோடு கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. அவை அடுப்புக்கு மேலே அலமாரித் தட்டில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அவள் இருந்தவரை மைதாப் பொட்டலம் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அதன் பிறகு கடையில் மைதா வாங்கும்போது கை கூசியது. பிறகு பழகிவிட்டது. அந்தப் பாத்திரங்களை மட்டும் நான் தொடவில்லை.

வருஷத் திதி வந்தது. இறந்தவர் விரும்பியதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டுப் படைப்பது எங்கள் வழக்கம். கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்து எத்தனையோ காலமாகியும் அதை நாங்கள் விடவில்லை. அவளுக்கு என்னவெல்லாம் வைக்கலாம் என்று மகளிடம் கேட்டேன். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

"கேக் வைக்கணும்ப்பா. அம்மா சாப்பிடுற மாதிரி கேக். அடுத்தவங்க கேக்கை மோந்து பாத்துட்டே போயிருச்சு."

சரி என்று தலையை ஆட்டினேன்.

போனில் ஒரு மலையாள வீடியோவைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மாநகராட்சி வேலையில் குப்பை வண்டி தள்ளிய கை இது, கேக் செய்து பழக்கமில்லை. சாக்லேட்டையும் வெண்ணெயையும் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் நீருக்கு மேல் வைத்து உருக்கினேன். மைதாவுக்குப் பதில் பொடித்த முந்திரி. முட்டையும் சர்க்கரையும் நுரைக்கும்வரை மகள் அடித்தாள். ஓவன் எங்களிடம் இல்லை. குக்கரின் அடியில் கல் உப்பைப் பரப்பி, வெயிட்டையும் ரப்பரையும் கழற்றிவிட்டுச் சூடாக்கினேன்.

உதவிக்கு எர்ணாகுளத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். அங்கே ஒரு பேக்கரியில் பாத்திரம் துலக்குகிறாள்.

"மாவில்லாம கேக்காடா? அரிசியில்லாம சோறு வடிப்பியா நீ?"

"வீடியோல அப்படித்தான்க்கா போட்டிருக்கு."

"அடியில உப்பு வேற. மீன் கருவாடாக்கப் போறியா?"

மகள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து யூதர் தெரு மசாலாக் கிடங்குகளின் சுக்கு மணத்தையும் மீறி வீடெல்லாம் சாக்லேட் மணந்தது.

கேக்கை ஆறவைத்துத் தட்டில் கவிழ்த்தபோது கொஞ்சமும் ஒட்டாமல் வந்தது. அடிப்பக்கம் லேசாக வெள்ளை படிந்திருந்தது. மகள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன அத்தை இது?"

"மைதாதான். டின்னுல வெண்ணெய் தடவி ஒரு சிட்டிகை தூவினேன். இல்லேன்னா ஒட்டிக்கும்ல. எங்க பேக்கரியில எல்லாத்துக்கும் அப்படித்தான்."

நான் குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நடந்திருக்கிறது. அக்காவைக் குறை சொல்ல முடியாது. தினமும் கண்ணால் பார்ப்பதைக் கை தானாகச் செய்துவிட்டது.

மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். "இத அம்மாக்கு வைக்க முடியாது."

"ஒரு சிட்டிகைதான்டீ!"

"ஒரு சிட்டிகைக்கே அம்மா வயித்தப் புடிச்சிட்டு அழும்."

"அவ இப்ப எங்கடீ சாப்பிடப் போறா?" சொன்ன உடனே அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். "சாப்பிடாதவங்களுக்கு எதுக்குப்பா இலை போடுறோம்?"

சாப்பிடுகிறாள் என்று நம்பித்தான் இலை போடுகிறோம். அப்படியானால் மைதாவை எப்படி வைப்பது?

இன்னொரு கேக் செய்யப் பாதி சாக்லேட் மீதியிருந்தது. சேச்சி வீட்டில் முட்டை வாங்கி வந்தேன். அக்கா கிண்ணங்களைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். "இதுலயும் மைதா ஒட்டியிருந்தா?" என்றாள் மகள். மேல் தட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். சிவப்புப் பொட்டு வைத்த டப்பா தூசி படிந்திருந்தது. கீழே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அக்கா வந்து டப்பாவை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக் கழுவினாள்.

படையலுக்கு வைத்திருந்த வாழை இலையில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, தீயில் வாட்டி, டப்பாவின் அடியில் போட்டது அக்காதான். "இதுலயும் ஒட்டாது," என்றாள், யாரையும் பார்க்காமல்.

மதியம் படைக்க வேண்டியதை விளக்கு வைக்கிற நேரத்தில்தான் படைத்தோம். அதுவரை அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சின்னக் கேக், ஆறியதும் நடுவில் குழிந்து வெடித்துவிட்டது. மகள் அதை இலையின் நடுவில் வைத்து, படத்தைப் பார்த்து, "மோந்து மட்டும் பாக்காதம்மா, சாப்பிடு" என்றாள்.

அப்போது அக்கா சத்தமாக அழுதாள். நான் கற்பூரம் ஏற்றினேன்.

பிறகு மூவரும் அந்தக் கேக்கைத் தின்றோம். கனமாக, லேசான கசப்போடு, நன்றாகத்தான் இருந்தது. அவளுக்குப் பிடித்திருக்கும். உயிரோடு இருந்தபோது ஒரு தடவையாவது செய்திருக்கலாம்; இப்படிச் செய்யலாம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மகள் டப்பாவைத் துலக்கித் துடைத்து, "பழைய எடத்துலயே வைப்பா, நம்மதோட சேக்காத" என்று நீட்டினாள். இனி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மேலே கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் சப்பாத்திக்குக் கோதுமை மாவு பிசைய அடுப்படியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து, அவள் பாத்திரங்கள் இருக்கும் தட்டுக்குக் கீழே வேண்டாம் என்று, பாத்திரத்தோடு கதவுப் பக்கம் போய் உட்கார்ந்து பிசைந்தேன்.