வீங்காத கெப்பாசிட்டர்

கம்ப்யூட்டர் மானிட்டர் பழுது பார்ப்பவர் வீடு எது என்று கேட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். வீக்கம் வீடு எது என்று கேட்டால், கையோடு கூட்டிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, அழைப்பு மணியையும் தாங்களே அழுத்திவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அந்தப் பெயரை அவருக்கு வாங்கித் தந்தது அவர் வாயேதான். எந்த மானிட்டர் வந்தாலும் முதுகைக் கழற்றி, பவர் சப்ளை போர்டை வெளியே எடுத்து, அதில் மின்சாரத்தைத் தேக்கிவைத்துக்கொண்டு உருளை உருளையாய் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையை விரலால் தடவிப் பார்ப்பார். தலை தட்டையாக இருந்தால் நிரபராதி. உப்பியிருந்தால் குற்றவாளி. "எங்க வீங்கியிருக்குன்னு பாத்தாப் போதும், மீதியெல்லாம் சும்மா" என்பார். ஒருமுறை கண்ணைத் திறக்காமலே ஒன்பது மானிட்டர்களைச் சரிசெய்தார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்வார். அந்த அம்மாள் சொல்லும் எதிலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது நல்லது. நான் சொல்வதில் கால்வாசியைத் தள்ளினால் போதும்.

ஐம்பத்தெட்டு வயதில் வீக்கம் களைத்துப்போயிருந்தார். முழங்காலில் கத்தி வைத்து மூன்று மாதம் படுத்ததில், வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் மனைவி ஒரு காரியம் செய்தார். அவர் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசையில் வேலை பார்க்கிறார். அங்கே மொத்தம் பதினொரு மானிட்டர். "எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவார் சார், நான் பொறுப்பு" என்று முதலாளி டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வந்த முதல் வேலை, ரிப்போர்ட் அடிக்கும் அறையில் இருந்த மானிட்டர்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரிசோதனை இயந்திரத்துக்குச் சூடு ஆகாது என்று அங்கே இரவும் பகலும் ஏசி ஓடும். சுவரில் ஒரு பல்லி இரண்டு வருடமாக அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்ததா, விறைத்ததா என்று இன்னும் முடிவாகவில்லை. அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்யும் பெண் ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டரோடு இருப்பாள்.

காலையில் பொத்தானை அழுத்தினால் மானிட்டரின் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டும். உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். திரை வராது. வீக்கம் அதை நான்கு மாடி இறக்கி, ஸ்கூட்டரில் வெயிலோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். தகரக் கூரைக்குக் கீழே அவருடைய மேஜை. பிளக்கைச் சொருகியதும் ஒரு குறையும் சொல்லாமல் பளிச்சென்று எரிந்தது. ஆனாலும் முதுகைத் திறந்தார். இரண்டு கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. மாற்றினார். மத்தியானம் கொண்டுபோய் வைத்தார், எரிந்தது. டாக்டர் தலையாட்டினார். மறுநாள் காலை டிக், டிக்.

மறுபடியும் நான்கு மாடி. மறுபடியும் வீட்டில் எரிந்தது. இந்த முறை எந்தக் கெப்பாசிட்டரின் தலையும் வீங்கியிருக்கவில்லை. அவருக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றினார். ஈயம் வைத்த இடங்களையெல்லாம் மறுபடி உருக்கிவிட்டார். நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் வைத்தார். எரிந்தது. மறுநாள் காலை டிக், டிக்.

அன்று மாலை மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டர் சொல்லிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, பதினொண்ணையும் வேற கம்பெனிக்குக் குடுத்துடுவாராம்."

"அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?"

"டிக் டிக்குனு கேக்குறது தெரியுது. எனக்கும்தான் தெரியுது. மேசையில இருக்கிற பொண்ணுங்க எல்லாம் என்னைப் பாத்து கடிகாரம்னு கூப்பிடுதுங்க."

"நம்ம வீட்டுல எரியுதே!"

"அப்ப ரிப்போர்ட் வாங்க வர்றவங்களை எல்லாம் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா? இடம் பத்தாதுங்க."

வேறு வேலை தேட அவருக்கு முழங்காலும் இல்லை, மனசும் இல்லை. மனைவி வாக்குக் கொடுத்த இடத்தில் தலைகுனிவது வேறு. படுத்தும் தூக்கம் வராமல், வீட்டில் எரிவது அங்கே ஏன் எரியவில்லை என்று கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தகரம் பகல் சூட்டை இன்னும் விட்டபாடில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அடச்சே" என்றார்.

"என்னங்க?"

"நம்ம வீட்டுல குளிரே இல்லையே!"

"இதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வீட்டுல முப்பது வருஷம் ஆச்சா?" என்று அந்த அம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, நிலையம் திறக்கும்போதே மனைவியோடு அவரும் போனார். இந்த முறை மானிட்டரைத் தூக்கவில்லை. அந்தக் குளிர் அறையிலேயே மேஜையில் கவிழ்த்து முதுகைத் திறந்தார். கீழ்த்தளத்தில் அழகு நிலையம் நடத்தும் பெண்ணிடம் முடி உலர்த்தும் டிரையரை இரவல் கேட்டார். அவள் அவருடைய வழுக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்களுக்கா அண்ணே?" என்றாள்.

"மானிட்டருக்கும்மா."

"நல்லா உலர்த்துங்க. ஈரத்தோட விட்டா சளி பிடிக்கும்."

ஒரு அட்டையைப் புனல்போலச் சுருட்டி டிரையரின் வாயில் செருகினார். பொத்தானை அழுத்தினார். டிக், டிக். கையைத் தள்ளிவைத்துக்கொண்டு, முதலில் பெரிய கெப்பாசிட்டர்கள்மேல் சூடு காட்டினார். டிக், டிக். கம்பிச் சுருள்மேல் காட்டினார். அதே பாட்டு. ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்திருந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூடிவிட்டார்கள். டாக்டரும் வந்து நின்றார்.

"என்னப்பா, அதைத் தலைக்குக் குளிப்பாட்டினியா?"

"ஒரு நிமிஷம் சார்."

"ஒரு வாரமா அந்த ஒரு நிமிஷம்தான் ஓடுது."

வீக்கம் புனலை ஓரமாக நகர்த்தினார். அங்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருந்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. சூடாகிற ஒரு அலுமினியத் தகட்டின் நிழலில், தலை தட்டையாக, பரம சாதுவாக நின்றது. இரண்டு முறை போர்டைத் திறந்தபோதும் அதைப் பார்த்திருந்தார். வீங்காத சின்னவனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விட்டிருந்தார். சூடு அதன்மேல் பட்டுப் பத்து எண்ணுவதற்குள் டிக் நின்றது. பச்சை விளக்கு சிமிட்டாமல் நிலைத்தது. கவிழ்ந்த திரையின் வெளிச்சம் மேஜை விளிம்பில் கசிந்தது.

வெளியே ஒருவர் கைதட்டினார். வீக்கம் தட்டவிடவில்லை. அணைத்துவிட்டு, குளிரில் இருபது நிமிடம் ஆறவிட்டு, மறுபடி அழுத்தினார். டிக், டிக். அந்தச் சின்னதன்மேல் மட்டும் சூடு காட்டினார். எரிந்தது.

பொத்தானை அழுத்தியதும் பவர் சப்ளையைத் தட்டி எழுப்புகிற கெப்பாசிட்டர் அது. வருடக்கணக்காகச் சூட்டுக்குப் பக்கத்தில் நின்று, வீங்காமல், வெடிக்காமல், ஒரு புகாரும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வற்றிப்போயிருந்தது. சூடு கிடைத்தால் எப்படியோ எழுந்து வேலை பார்க்கும். குளிரில் அதனால் முடியவில்லை. வீக்கம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பெரியதில் தேங்கியிருந்த மின்சாரத்தை ஒரு பல்பில் வடித்துவிட்டு, சின்னதைக் கழற்றிப் புதியது ஒன்றை வைத்து ஈயத்தால் பிடிக்கச் செய்தார். வேலை நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

"இப்ப எரியும் சார்."

"இதே வார்த்தையை ரெண்டு தடவை கேட்டாச்சு" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில பாக்கலாம்."

அன்று சாயங்காலம் டாக்டர் தன் கையாலேயே ஏசியின் குளிரை இன்னும் இரண்டு படி கூட்டிவிட்டுப் போனார் என்று மனைவி வந்து சொன்னார். இதில் பாதியைத் தள்ள முடியாது; ஸ்வெட்டர் பெண்ணும் அதையே சொன்னாள்.

மறுநாள் ஏழு மணிக்குக் கண்ணாடிக் கதவே வியர்த்திருந்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்வெட்டர் பெண் இரண்டாவது ஸ்வெட்டரை மாட்டியிருந்தாள். வீக்கத்துக்குத் திரையைப் பார்க்கத் தைரியமில்லை. மேஜைக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டு, "நீ அழுத்து" என்றார் மனைவியிடம்.

"நான் எதுக்கு?"

"நீதானே பொறுப்புன்னு சொன்ன."

அழுத்தினார். டிக் சத்தம் வரவில்லை. வீக்கம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெற்றி, மூக்கு, மூக்குத்தி என்று ஒவ்வொன்றாக நீல வெளிச்சம் ஏறியது.

டாக்டர் மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில், "சரி. மத்த பத்தும் இதே சமயத்துல வாங்கினதுதான். எல்லாத்துலயும் அந்தச் சின்னதை மாத்திடு. இன்னைக்கே ஆரம்பிச்சிடு" என்று சொல்லிவிட்டு, தும்மிக்கொண்டே போனார்.

"கேட்டீங்களா?" என்றார் மனைவி. "இனிமே என்னைக் கடிகாரம்னு எவளாவது கூப்பிடட்டும்!"

"கேட்டேன். பத்தா?"

"பத்துதான்."

"கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

கூடத்தில் வரிசைக்காகக் காத்திருப்பவர்களின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்தார். அடுத்த நிமிடம் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. ரத்தம் எடுக்கும் பெண் ஊசியும் ரப்பர் பட்டையுமாக வந்து, புதிதாக வந்த நோயாளி என்று நினைத்து அவர் சட்டைக் கையை மேலே சுருட்டத் தொடங்கினாள்.

"அக்கா, இவருக்கு என்ன டெஸ்ட்?"

"விடுடி" என்றார் மனைவி, தன் மேசையிலிருந்து எழாமலே. "அவர்கிட்ட இனிமே எடுக்க ஒண்ணும் இல்ல. அரை மணி நேரம் தூங்கட்டும்."