மகள் தொட்டுக் காட்டிய படம்

போன செவ்வாய்க்கிழமை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான், மனைவி கஸ்தூரி, எங்கள் ஐந்து வயது மகள் தேவிகா.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மலம் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் அந்தக் கூச்சம்தான் எங்கள் எட்டு மாதத்தைத் தின்றது... அதனால் எழுதுகிறேன்.

எட்டு மாதமாகப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை. அவளுக்கே தெரியாமல் உள்ளாடையில் தண்ணீராகப் பட்டுவிடும். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. தாடிக்காவில், அதாவது பாலர் பள்ளியில், மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். சாப்பாடு குறைந்தது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது.

வயிற்றோட்டம் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். பப்பாளியை நிறுத்தினோம். கீரையை நிறுத்தினோம். பால் சேர்க்காத தே-ஓ தேநீரைக் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தோம். மெர்லிமா ஊரில் இரண்டு கிளினிக் ஏறி இறங்கி, வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து வாங்கிக் கொடுத்தோம். கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

கிளினிக்கில் நான் என்ன சொன்னேன்? "வயிறு கொஞ்சம் சரியில்ல, டாக்டர்." அவ்வளவுதான்! போகும் முன்பு பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, நல்ல கவுன் மாட்டிக் கூட்டிப்போவோம். பார்க்கிறவருக்கு என்ன தெரியும்?

"கோயில் கூட்டத்துல மைக்க விட மாட்டீங்க. டாக்டரப் பார்த்தா மட்டும் வாயில கொழுக்கட்டையா?" என்று கஸ்தூரி அன்று காலையிலும் குத்திக்காட்டினாள்.

உள்ளே மலாய்க்கார டாக்டரம்மா. பக்கத்தில் நர்ஸ், நம் தமிழ் மிஸ்ஸி ஒருவர். டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் நான் வழக்கம்போல் இழுத்தேன். மிஸ்ஸி ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மலம் எப்படியெல்லாம் இருக்கும் என்று வரிசையாகப் படம் போட்ட அட்டை.

"அண்ணே, வெக்கப்படாம காட்டுங்க லா. பாப்பாவுக்கு எப்படிப் போகுது?"

தண்ணீராக இருந்த கடைசிப் படத்தைக் காட்டினேன். அதற்குள் தேவிகா எக்கி, முதல் படத்தைத் தொட்டாள். கோலிக்குண்டு மாதிரி கெட்டி கெட்டியாக இருந்த படம்.

"இது உள்ள இருக்கு மிஸ்ஸி. வலிக்கும். நான் விட மாட்டேன்."

"ஏன்டா கண்ணு விட மாட்ட?"

"வெள்ளிக்கிழமை மணி அடிக்கணும்ல... பட்டுச்சுன்னா அப்பா சாமி ரூமுக்குள்ள விட மாட்டாரு. அதான் டைட்டா புடிச்சுக்குவேன்."

எனக்குத் தலை குனிந்துவிட்டது.

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. துணியில் பட்டுவிட்டால், தலைக்குக் குளித்தாலும், அன்று முழுக்கச் சாமி அறைக்குள் கால் வைக்கக் கூடாது. என்னை வளர்த்தது அப்படி, நானும் அப்படியே. தீபம் காட்டும்போது மணி அடிப்பது தேவிகாவின் வேலை. முதல் தடவை பட்ட வெள்ளிக்கிழமை, "சாமி உள்ள வரக்கூடாதுங்குது" என்று சொல்லி அவளை வாசற்படிக்கு வெளியே நிறுத்தினேன். அழவில்லை. கைகூப்பி நின்றாள். நல்ல பிள்ளை என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்!

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் மிஸ்ஸி விளக்கினார்.

"உள்ள கல்லு மாதிரி இறுகிக் கெடக்குது அண்ணே. அத சுத்திக்கிட்டுத் தண்ணி மட்டும் கசியுது. நீங்க வயித்தால போறதா நெனச்சு, நிறுத்துற மருந்தா குடுத்திருக்கீங்க. அடைச்சதுக்கு மேல அடைச்சாச்சு."

முதலில் ஒரு நாள் இறுகி வலித்திருக்கிறது; பயந்து அடக்கியிருக்கிறாள். கசிந்தபோது நான் வெளியே நிறுத்தினேன். அதற்குப் பிறகு இன்னும் அடக்கினாள். அடக்க அடக்க இறுகியது. இறுக இறுகக் கசிந்தது.

இப்போது தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் மருந்துத்தூள் கொடுத்திருக்கிறார்கள். பல மாதம் பிடிக்குமாம். வேறு நோய் ஏதும் இல்லையே என்று பார்க்க ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. முருகனை நம்பியிருக்கிறேன். மருந்தையும் வேளை தவறாமல் கொடுக்கிறோம்.

எட்டு மாதமாக முருகனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன் — என் பிள்ளைக்கு என்ன? பிள்ளையிடம் ஒரு நாளாவது கேட்டேனா?

கார் நிறுத்துமிடத்தில் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "அப்பாவ மன்னிச்சிடும்மா. இனிமே எப்ப வேணும்னாலும் சாமி ரூமுக்குள்ள வரலாம்" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்க என்னப்பா செஞ்சீங்க? சாமிதான வரக்கூடாதுன்னுச்சு?"

சாமி எங்கே சொன்னார்... சொன்னதெல்லாம் நான்தானே!